பாதியம்மாவின் பேரம்

தலையில் ஒட்டிய பிளாஸ்திரியை மறைக்க மரவாடிக்காரர் ஒரு வாரமாகத் தொப்பியோடு திரிகிறார். உச்சந்தலையில், முடி எப்போதோ விடைபெற்றுக்கொண்ட இடத்தில், பட்டாணி அளவுக்குப் பொருக்குத் தட்டிய புண் ஒன்று மூன்று மாதமாக ஆறவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் கயிறு கட்டாத குறையாக அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் ஒரு துணுக்கைச் சீவிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு இன்று, புதன்கிழமை, பதினொரு மணிக்கு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அது தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வந்த வேகத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வகை இல்லை. ஒரு பெட்டியோடு குடிவந்தவன் மெல்ல மெல்ல எல்லா அறையிலும் சாமான் பரப்புவதுபோல வருகிற நாள்பட்ட வகை. ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். ரத்தம் சுத்தமாயிற்று. வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். 'அதுக்கு முன்னாடி வாங்கின லாரி', 'அது வந்தப்போ போட்ட கூரை' என்று குடும்பத்தின் காலண்டரே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

காலை எட்டரைக்கு மரவாடியில் வாள் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உருட்டுக் கட்டைகள், மறுபக்கம் அறுத்து அடுக்கிய பலகைகள், நடுவில் கணுக்கால் புதைய மரத்தூள். ஆபீஸ் அறை என்பது மிச்சப் பலகையில் அடித்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி.

அவளைச் சந்தையில் பாதியம்மா என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் முதலில் பாதியைக் கேட்பாள். இரண்டு பல் எடுக்க வேண்டும் என்ற பல் டாக்டரிடம் ஒரு பல்லோடு எழுந்து வந்தவள். முதலில் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது ரசீதிலேயே எழுதிவிடுகிறார்கள். அவளும் மறுப்பதில்லை. சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

எதிரே ஒரு தச்சர் நின்றார். எட்டு கதவு நிலைக்கு மரம் வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வேணும்மா. வீட்டுக்காரன் உயிரை வாங்கறான்."

"அடுத்த வெள்ளி."

"ஐயோ, அதுக்குள்ள அவன் கதவில்லாமலே குடிவந்துடுவான்."

"அப்ப கதவே வேண்டாமே. செலவு மிச்சம்."

"சனிக்கிழமையாவது குடுங்க."

"திங்கக்கிழமை மத்தியானம். லாரி உன்னுது. இறக்கற ஆளும் உன்னுது."

தச்சர் தோற்றவர்கள் சிரிக்கும் சிரிப்போடு போனார். அவர் எப்போது போனார் என்பதை அவள் கவனிக்கவில்லை. முதல் பதிலிலிருந்து கடைசி பதில்வரை வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. உள்ளே எதுவும் நடக்கவில்லை. ஒரு வாரமாக அப்படித்தான். சாப்பிட்டால் உப்பு தெரிவதில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது, எழுந்தால் தூங்கினதாகத் தோன்றுவதில்லை. பயம் என்று சொல்வதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.

பதினொரு மணிக்குள் கணவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன், கடைசி மருந்து ஏற்றி முடித்த நாளில், பெரிய டாக்டர், அதாவது ரத்தத்தைப் பார்க்கிற டாக்டர், அவளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்.

"ரத்தம் சுத்தமாயிடுச்சும்மா. ஆனா இந்த நோய் வந்தவங்களுக்கு வேற இடத்துல வேற புற்று வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஜாஸ்தி. முக்கியமா தோல்ல. அதனால இந்த ஆறையும் விடாமப் பண்ணுங்க."

ஆறு என்றது காதில் விழுந்ததும் அவள் வாய் திறந்தது.

"ஆறெல்லாம் எதுக்கு டாக்டர்? மூணு வெச்சுக்கலாம்."

டாக்டர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் படித்தவர், பேரம் பேசி வளர்ந்தவரில்லை. ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சில மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவருவது, இந்த மூன்றும் மிஞ்சின. வருடத்துக்கொரு முறை தோல் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்ப்பது போயிற்று. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது போயிற்று. வெயிலில் தலையை மூட வேண்டும் என்பதும் போயிற்று. "தொப்பி நானே வாங்கிப் போடறேன் டாக்டர், அதுக்கு எதுக்கு எழுத்து?" என்றாள். தொப்பி வாங்கவும் செய்தாள். இரண்டு நாள் தலையில் இருந்தது, பிறகு ஆணி போட்டு வைக்க உதவியது.

"நான் சொல்லியாச்சு. வேண்டாம்னா நீங்களே கோடு போட்டு கையெழுத்துப் போடுங்க," என்றார் டாக்டர்.

போட்டாள். மூன்று கோடு, ஒரு கையெழுத்து. வெளியே வந்து கணவரிடம், "மூணே மூணுதான் சொல்லியிருக்கார்," என்றாள். அது பொய் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. படிந்த விலையைச் சொல்வார்கள், தொடங்கிய விலையைச் சொல்லும் வழக்கம் அவர்கள் தொழிலில் யாருக்கும் இல்லை.

கூண்டை விட்டு எழுந்து வெளியே போனாள்.

மரவாடிக்காரர் வெயிலில் நின்று ஒரு பலகையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வாள் ஓட்டுகிறவர் பக்கத்தில் திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"இது என்னய்யா?"

"கணு முதலாளி."

"கணு எனக்கும் தெரியுது. கணுவுக்குப் பின்னாடி என்ன?"

"வெடிப்பு."

"இதை எந்த அடுக்குல வெச்சே?"

வாள்காரர் நல்ல அடுக்கைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"வெடிப்பு இருக்குன்னு சொல்லி வித்தா அது வியாபாரம். சொல்லாம வித்தா அவன் நாளைக்குக் கதவைத் தூக்கிட்டு வந்து என் தலைல போடுவான். போட்டா நான் வாங்கிக்கணும். அதுதான் நியாயம்." பலகையைக் கீழே போட்டார். மனைவியைப் பார்த்தார். "கிளம்பலாமா?"

"இன்னும் நேரமிருக்கு. ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு புதன்கிழமை. பெரிய டாக்டர் மேல் மாடில இருப்பார். ரிசல்ட் ஏடாகூடமா வந்துதுன்னு வை, நேரா மேல போறேன். நாலு வருஷமா ரத்தம் ரத்தம்னு உறிஞ்சியே ராசா, ஒரு தடவையாவது தலையைப் பார்த்தியா, பார்க்கணும்னு சொன்னியான்னு கேக்கறேன். என் ஃபைலை எடுத்து மேஜைல வைன்னு சொல்றேன். இந்த வாள்காரனை நான் கேக்கலையா? அந்த மாதிரிதான்."

வாள்காரர் தலையை ஆட்டினார். தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் மாட்டப் போகிறார் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

"நீ என்ன சொல்ல வந்தே?"

"சட்டையை மாத்திக்கோங்க. தூசி," என்றாள் பாதியம்மா.

ஆக, ஃபைல் திறக்கும். அவர் அங்கே போய்க் கத்துவார். டாக்டர் கத்த மாட்டார், தாளைத் திருப்பி மட்டும் காட்டுவார். மூன்று கோட்டுக்குக் கீழே இருக்கிற கையெழுத்தைக் கணவர் முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்நியர் கையிலிருந்து அதை அவர் தெரிந்துகொள்வது ஒன்று. அவள் வாயிலிருந்து தெரிந்துகொள்வது வேறு ஒன்று. இரண்டில் எது நல்லது என்று அவளுக்கு யோசனை ஓடவில்லை. எது முதலில் நடக்கும் என்பதுதான் கேள்வி.

பத்தே காலுக்கு மகள் காரோடு வந்தாள். வயது முப்பத்து மூன்று, வீட்டில் இன்னும் பாப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கொண்டுவந்த காரும் தொழில் கார். முன்னும் பின்னும் பழகுநர் பலகை, கூரைமேல் பள்ளியின் போன் நம்பர், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக்.

அந்த இருக்கையில் மரவாடிக்காரர் உட்கார்ந்தார். மனைவி பின்னால்.

முதல் திருப்பத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"அப்பா, காலை எடுங்க."

"லாரி வருது."

"எனக்கும் தெரியுது. அது அந்தத் தெருவுல வருது."

"வந்தாலும் வரும்ல."

"பதினோரு வருஷமா ஓட்டறேன். பெயிலான பசங்களைக்கூட நான் இவ்வளவு பிரேக் போட்டு ஓட்ட வெச்சதில்லை."

"நீ கத்துக்குடு. நான் பார்த்துக்கறேன்."

பின்னால் வந்த பஸ்காரர் பழகுநர் பலகையைப் பார்த்துக் கருணையோடு ஒதுங்கிப் போனார். மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். சாதாரண நாளாக இருந்தால் இந்நேரம் அம்மா இருவருக்கும் நடுவில் புகுந்து, சிக்னலோடு பேசி அதையும் பச்சையாக்கியிருப்பாள். இன்றைக்குக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வைத்துவிட்டுப் போன இன்னொரு பைபோல உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க," என்றாள் அவள், பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது.

பிரேக். மூவரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. ஜன்னலை ஏத்துங்க."

"என்னம்மா?" என்றாள் மகள்.

"காத்து."

ஜன்னல் ஏறியேதான் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு கீழ்த்தளத்தில் கடைசி. நீல நாற்காலிகள் நான்கு நான்காகச் சேர்த்துத் திருகியவை. ஒருவர் எழுந்தால் மூவர் ஆடினார்கள். சுவரில் சத்தமில்லாத டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். பாதியம்மா அதைக் கடைசிவரை பார்த்தாள். என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பக்கத்தில் அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். நினைப்பதற்கும் நாக்குக்கும் நடுவில் யாரோ கதவைச் சாத்தியிருந்தார்கள். பதினொன்று பத்துக்கு நர்ஸ் கூப்பிட்டார்.

தோல் டாக்டர் இளவயதுக்காரி. சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லை.

"உட்காருங்க ஐயா. புற்றுதான். தோல்ல வர்றது."



"அது திரும்பி வந்துடுச்சா?" என்றாள் மகள்.

"இல்லை. ரத்தம் நல்லா இருக்கு. இது வேற. புதுசு."

"ரெண்டாவது," என்றார் மரவாடிக்காரர்.

"ரெண்டாவது."

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு ரூல் எதுவும் இல்லையா டாக்டர்?"

டாக்டர் மரியாதைக்கு உதட்டை அசைத்தார். "இல்லைங்க. உங்களுக்கு வந்த நோய் உடம்போட காவல்காரனையே பிடிக்கிற நோய். ரத்தம் சுத்தமானாலும் காவல் பழையபடி முழுசாத் திரும்பறதில்லை. ஏத்தின மருந்தும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம். அதோட நீங்க வெயில்ல நிக்கிற தொழில். எல்லாருக்கும் வரும்னு இல்லை. மத்தவங்களை விட ஜாஸ்தி பேருக்கு வருது."

"இப்ப என்ன செய்யணும்?"

"எடுத்துடணும். மத்தவங்களுக்குன்னா இங்கயே உட்கார வெச்சு எடுத்துடுவேன். உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் வேகமாப் போகும். சுத்தி அகலமா எடுத்து, தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டுவோம். கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு ஒரு ஸ்கேன். திங்கக்கிழமை ஆபரேஷன்."

"திங்கக்கிழமை முடியாது. மாசக் கடைசில மரம் வருது. மொத்தமும் பெரிய கட்டை. நான் தட்டிப் பார்க்காம ஒண்ணுகூட இறங்காது. ரெண்டு மாசம் தள்ளுங்க."

"தள்ளக் கூடாதுங்க."

"ஒண்ணரை மாசம்."

"திங்கக்கிழமை."

மரவாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். தன் பங்கு முடிந்துவிட்டது என்கிற ஆசுவாசத்தோடு மனைவி பக்கம் கையைக் காட்டினார். "நீ பேசு."

டாக்டர் புரியாமல் பார்த்தார். "இதுல பேச என்ன இருக்கு?"

"உங்களுக்கு இவளைத் தெரியாது டாக்டர்," என்றார் அவர். இந்த நிலையிலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். கேட்காமலேயே திறக்கிற வாய் இப்போது கேட்டும் திறக்கவில்லை. மேஜையில் ஒரு காகிதக் கவர், ஒரு பேனா, கையலம்பும் மருந்துப் பாட்டில். அவள் பாட்டிலின் லேபிளைப் படித்தாள்.

"திங்கக்கிழமையே வெச்சுக்கோங்க டாக்டர்," என்றாள். "எத்தனை மணிக்கு வரணும்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தட்டினால் இன்ன ஓசை வரும் என்று தெரிந்த கட்டை வேறு ஓசை கொடுத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"ஏழு மணிக்கு, வெறும் வயித்தோட," என்றார் டாக்டர். "இப்பப் போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க. வந்ததும் உடம்பு முழுக்க ஒரு தடவை பார்க்கணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கலாம். இதை வருஷா வருஷம் யாராவது பார்த்திருக்கணுமே. உங்களுக்குச் சொல்லலையா?"

"சொல்லலை," என்றார் மரவாடிக்காரர். "அதைத்தான் கேக்கப் போறேன்."

ரத்தம் கொடுத்தார். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நடைவழிக்கு வந்தார். மகள் டீ வாங்கப் போயிருந்தாள். லிஃப்டுக்கு எதிரே இருவரும் நின்றார்கள். அவர் பித்தானை அமுக்கினார்.

"உனக்கு என்ன ஆச்சு? ஒரு வாரமாவது கேட்டிருக்கலாம்ல?"

அவள் லிஃப்ட் பித்தானின் விளக்கைப் பார்த்தாள்.

"சரி, விடு. நீ இங்க இரு. நான் மேல போய்ட்டு வந்துடறேன்."

"போகாதீங்க."

"ஏன்?"

"அவர் சொன்னார்."

"யாரு?"

"பெரிய டாக்டர். எல்லாம் சொன்னார். வேற புற்று வரும், தோலைப் பார்க்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். எல்லாம் எழுதியே குடுத்தார். நான்தான் குறைச்சுட்டேன்."

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒருவரும் அவரைத் தள்ளுகிறவரும் இருந்தார்கள். "வர்றீங்களா?" என்று கேட்டார் தள்ளுகிறவர்.  கதவு மூடிக்கொண்டது.

"எத்தனைல ஆரம்பிச்சார்?" என்றார் மரவாடிக்காரர்.

"ஆறு."

"எங்க முடிச்சே?"

"மூணு."

"பாதி."

"ஆமா."

அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

"கையெழுத்து?"

"போட்டிருக்கேன்."

"நான் மேல போய்க் கத்தியிருந்தா..."

"அதைக் காட்டியிருப்பார்."

"ஏன் பண்ணே?" குரல் உயரவில்லை. லாரி ஏன் தாமதம் என்று கேட்கிற குரல்.

அவள் லிஃப்ட் கதவில் தெரிந்த தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசி நாள் அன்னிக்கு நர்ஸ் உங்க சட்டையைக் குடுத்தா. நீங்களே மாட்டிக்கிட்டீங்க. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டீங்க. ஆறு மாசமா வர்றவன் போறவன் எல்லாம் அவுத்துப் பார்த்துட்டான், இனிமே எவன் முன்னாடியும் இதைக் கழட்ட மாட்டேன்னு சொன்னீங்க. அதுக்குப் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அவர் அந்தத் தாளைக் குடுத்தார்."

"எனக்காகன்னு சொல்றியா?"

"சொல்லிக்கலாம். நாலு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா ஆறுன்னு கேட்டதும் வாய் தானாத் திறந்துடுச்சு. உங்களை நினைச்சது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்கே தெரியலைங்க."

அழுகை வரும் என்று அவள் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. முதுகுக்குப் பின்னால் காகிதக் கோப்பை நசுங்கும் சத்தம் கேட்டது. மகள் மூன்று டீயோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. விரலில் டீ வழிந்துகொண்டிருந்தது.

"என்கிட்டகூடச் சொல்லலையேம்மா."

"தொடங்கின விலையை நான் யார்கிட்ட சொல்லியிருக்கேன்?"

"இது மரமாம்மா?"

மூவரும் நின்றபடியே டீ குடித்தார்கள். மரவாடிக்காரர் குடித்து முடித்து, கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

"சக்கரை கம்மி," என்றார்.

அவ்வளவுதான். மேல் மாடிக்குப் போகவில்லை. திட்டவில்லை. சந்தையில் எதிராளி விலையே சொல்லாமல் நிற்பதைப்போல் ஆபத்து வேறில்லை என்று பாதியம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆபத்துகூட எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

நர்ஸ் திரும்பக் கூப்பிட்டார். அறையின் மூலையில் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. அவர் திரைக்குள் நுழைந்தார். அவள் பழக்கத்தில் பின்னாலேயே போனாள்.

"நீ இங்கயே இரு," என்றார்.

ஆறு மாதம் ஊசிக்கும் மருந்துக்கும் வந்து போன காலத்தில் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அவளைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றுதான் அடம்பிடிப்பார். அவள் இரண்டடி பின்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளி.

திரைக்குள் பட்டன்கள் ஒவ்வொன்றாக அவிழ நேரம் எடுத்தது. டாக்டரின் குரல் கேட்டது. கையைத் தூக்குங்க. இந்தக் கை. காதுக்குப் பின்னாடி. நிமிர்ந்து உட்காருங்க.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "வருஷா வருஷம் பார்த்திருந்தா இது வந்திருக்காதா?"

மகள் நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன். வராம யாரும் தடுத்திருக்க முடியாது. வந்தப்பவே, சின்னதா இருக்கும்போது பிடிச்சிருக்கலாம்."

"எவ்வளவு சின்னதா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

பாதியம்மா அதைக் கேட்டாள். வாழ்க்கையில் அவள் கேட்ட எல்லாப் பதிலிலும் ஒரு பாதி இருந்தது. இதில் எங்கே கை வைத்துப் பாதி எடுப்பது என்று தெரியவில்லை.

"திரும்பி உட்காருங்க."

விளக்கு ஒன்றைப் போடும் சத்தம்.  நர்ஸின் செருப்பு ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் போயிற்று. டாக்டர் எதையோ வைத்து அளப்பதுபோல் இருந்தது.

"ஐயா, இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எது?"

"இடது தோள்பட்டைக்குக் கீழ. கறுப்பா ஒண்ணு."

"என் முதுகை நான் எங்கேருந்து பார்க்கறது? வெளியில உட்கார்ந்திருக்கா பாருங்க, அவளைக் கேளுங்க. முப்பத்தஞ்சு வருஷமாப் பார்க்கறா."

திரை விலகியது. டாக்டர் தலையை நீட்டினார். "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. இது எப்பலேர்ந்து இருக்குன்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெயில் படாத முதுகு வெள்ளையாக இருந்தது. அவள் நினைத்திருந்ததைவிடக் குறுகலாக இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே, ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு விரல்நகம் அளவுக்குக் கறுப்பு. ஒரு பக்கம் கொஞ்சம் நீலம்.

அன்றைக்குச் சட்டையைப் போட்டவர் போட்டவர்தான். குளிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெளியே வரும்போது சட்டையோடு வந்தார். படுக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவளும் கேட்கவில்லை. போகட்டும் என்று விட்டாள்.

"சொல்லுங்கம்மா. ஒரு மாசமா? ஒரு வருஷமா? உத்தேசமாச் சொன்னாக்கூடப் போதும்."

மகள் திரைக்கு வெளியே எழுந்து நிற்பது தெரிந்தது.

"தெரியலை டாக்டர்," என்றாள். "நாலு வருஷமா இந்த முதுகை நான் பார்க்கலை."

டாக்டர் நர்ஸிடம் கையை நீட்டினார். நர்ஸ் தட்டிலிருந்து சின்னக் கத்தியின் உறையைப் பிரித்தார்.

மரவாடிக்காரர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"இப்ப நல்லாப் பார்த்துக்கோ," என்றார்.